கடைசிப் பதினாறு பக்கம்

கேரளத்துக் கோவளத்துக்குப் போகிறவர்களுக்கு அண்ணி கொலைக் கதைதான் கொடுப்பார். ஆலப்புழைப் படகு வீட்டுக்குப் போகிறவர்களுக்குச் சின்னச் சின்ன அத்தியாயங்கள் உள்ள புத்தகம். படகு ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும் நிமிர்ந்து பார்க்கத் தோன்றுமாம். அந்தமான் என்றால் தலையணை கனத்தில் ஒரு குடும்ப நாவல். கடற்காற்றில் பறக்காது, கப்பல் வராத நாளில் கைகொடுக்கும். புதுசாகக் கல்யாணமானவர்களுக்குக் காதல் கதை கிடையவே கிடையாது. "அவங்களே ஒரு கதையில கீறாங்க, அதுக்குள்ள இன்னொரு கதை இன்னாத்துக்கு" என்பார்.

காட்டுப்பாக்கத்தில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவருடைய கடை. பாதி வாடகை நூலகம், பாதி சுற்றுலாவுக்கு அறை பதிவு செய்கிற இடம். இரண்டையும் பிரித்துத் தர மாட்டார். ரூம் போட வந்தால் ஒரு மஞ்சள் துணிப்பையில் புத்தகமும் சேர்ந்து வரும். புத்தகம் வேண்டாம் என்று சொன்னவர்களை, வேறு கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தக் கட்டடம் நிற்கிற மனை ஒரு காலத்தில் அவருடைய புகுந்த வீட்டின் நெல் வயல். கட்டடம் வந்தபோது கீழ்க்கடை அவருக்கும், அதற்கு நேர் மேலே இரண்டாம் மாடி வீடு அவருடைய நாத்தனாருக்கும் வந்தது.

நாத்தனார் ஒரு காலத்தில் அவரை அண்ணி என்று கூப்பிட, தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்ததாம். தென்காசியிலிருந்து வேலைக்கு வந்த நானும் அண்ணி என்றேன், தண்ணீர் லாரிக்காரரும் அண்ணி என்றார். அண்ணி என்று கூப்பிடாதவர் அந்தத் தெருவில் ஒரே ஒருவர்தான். அது அந்த நாத்தனார். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அறை விஷயத்தில் அண்ணிக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. கடல் தெரிகிற அறைக்குப் பணம் கொடுக்காதே, நாலு எட்டு நடந்தால் கடல் சும்மாவே தெரியும். அறைக்கு வெளியே நிழலில் ஒரு நாற்காலி இருக்கிறதா என்று பார். குழாய் துருப்பிடித்திருக்கிறதா என்று பார். சமையற்கட்டின் புகை எந்த ஜன்னலுக்குப் போகிறது என்று பார். ஆள் வராத மழைக்காலத்தில் வேன் பிடித்துப் போய், ஒவ்வொரு விடுதியிலும் ஒவ்வொரு கட்டிலிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவார். எந்த அறையில் நன்றாகத் தூக்கம் வரும் என்று அவருக்குத் தெரியும். எந்த அறையில் வராது என்பதும் தெரியும். இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் அவர் பத்திரமாக வைத்திருந்தார்.

ஏனென்றால் அண்ணி எதையும் மறப்பவர் இல்லை. யாராவது அவரை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முகம் மாறாது, குரல் உயராது. ஒன்றுமே சொல்ல மாட்டார். அப்போதுதான் பயப்பட வேண்டும். எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருமுறை கடையின் பெயர்ப்பலகை கட்டடத்தின் அழகைக் கெடுக்கிறது என்று கூட்டத்தில் பேசினார். அடுத்த கோடை விடுமுறைக்கு அவரே குமரகத்துக்கு ரூம் கேட்டு வந்தார். அண்ணி சிரித்த முகத்தோடு ஏரியைப் பார்த்த அறையாகப் போட்டுக் கொடுத்தார். அறை அருமை. பின்பக்கம் கல்யாண மண்டபம், அந்த வாரம் முழுக்க முகூர்த்தம். விடியுமுன்பே நாதஸ்வரம் ஆரம்பித்துவிடுமாம். திரும்பி வந்த செயலாளர் ஏரிக்கரைப் படங்களைச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டு, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு நடமாடினார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

"பெருசா பண்ணா போலீசு, கேஸுன்னு ஆயிடும்" என்று அண்ணி எனக்கு விளக்கினார். "சின்னதா பண்ணணும். வெளிய சொன்னா அவனுக்கே வெக்கமா இருக்கணும்."

அறை ஒரு பக்கம் என்றால் புத்தகம் இன்னொரு பக்கம். அவருக்கு ஆகாதவர்களுக்குப் போகிற துப்பறியும் நாவலில் கடைசிப் பதினாறு பக்கம் இருக்காது. பிளேடால் தையலை ஒட்டி, பார்த்தால் தெரியாதபடி எடுத்திருப்பார். எடுத்த பக்கங்களைத் தூக்கிப் போட மாட்டார். மேஜைக்குக் கீழே ஒரு பெரிய பிஸ்கட் டின்னில், எந்தப் புத்தகத்துடையது என்று பென்சிலில் எழுதிப் போட்டு வைப்பார். நேரில் வந்து, வாயைத் திறந்து, தப்புதான் என்று சொன்னால் அந்தப் பக்கங்களும் ஒரு பசைக்குச்சியும் கிடைக்கும். சொல்லாவிட்டால் கொலைகாரன் யார் என்று தெரியாமலே வாழ வேண்டியதுதான்.

எனக்கும் நடந்தது. கல்யாணமான புதிதில் அந்தமான் போகலாம் என்று அவர் கடையில் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து எல்லா விவரமும் கேட்டுக்கொண்டேன். டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு மாடிக்குப் போய் செல்போனில் நானே பதிவு செய்துகொண்டேன், தள்ளுபடி இருந்தது. அது அவருக்குத் தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை நல்ல பிள்ளையாக அவரிடமே வந்து வர்க்கலைக்கு ரூம் கேட்டேன். ஜன்னலுக்கு நேர் வெளியே ஜெனரேட்டர். அந்த ஊரில் மின்சாரம் நின்றுகொண்டே இருந்தது, அது ஓடிக்கொண்டே இருந்தது. தூக்கம்தான் இல்லை, கதையையாவது படிப்போம் என்று உட்கார்ந்தால், துப்பறிகிறவன் எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொல்கிறான், கதவைச் சாத்துகிறான், தொண்டையைச் செருமுகிறான். அதற்குப் பிறகு பின்னட்டை.

திரும்பி வந்ததும் நேரே கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன்.

"ஏ.சி. ஓட்ச்சா? தண்ணி வந்துச்சா? அப்பால இன்னா?" என்றார் அண்ணி. பிறகு, "டீ குட்ச்சிட்டுப் போய் செல்போன்ல போட்டே இல்ல, அத்தோட சரியாப்பூட்ச்சி" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் யார் கொலைகாரன் என்று தெரியாமல் இரண்டு நாள் அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. மூன்றாம் நாள் போய் மன்னிப்புக் கேட்டுப் பக்கங்களை வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு நெருக்கம் வந்துவிட்டது. பழி வாங்கி முடித்த பிறகு அண்ணியைப் போலப் பிரியமானவர் கிடையாது. மாங்காடு அம்மன் கோயிலுக்குப் போனால் எனக்கும் சேர்த்துக் குங்குமம் கொண்டுவருவார்.

அந்த நெருக்கத்தில்தான் டின்கள் இரண்டு இருப்பதைக் கவனித்தேன். ஒன்று ஊருக்கு. இன்னொன்று மூடி மூட முடியாத அளவுக்கு நிறைந்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அது நாத்தனாருடையது.

நாத்தனாருக்கு முட்டிவலி. மாடியிலிருந்து இறங்குவதே அபூர்வம். தொலைக்காட்சி பிடிக்காது; நாள் முழுக்க வாசிப்புத்தான். காய்கறிக்காரருக்குக் கயிற்றில் கூடை இறக்குவது போல, வாரம் ஒருநாள் பால்கனியிலிருந்து அவர் ஒரு பிளாஸ்டிக் கூடையை இறக்குவார். படித்து முடித்த புத்தகம் அதில் இருக்கும். அண்ணி கடைக்கு வெளியே வந்து, மேலே பார்க்காமல், அதை எடுத்துக்கொண்டு வேறு புத்தகத்தை வைப்பார். கூடை மேலே போகும். போகிற ஒவ்வொரு புத்தகத்திலும் கடைசிப் பதினாறு பக்கம் இருக்காது. நாத்தனார் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. புத்தகம் வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. வருஷக் கணக்காக முடிவில்லாத கதைகளையே படித்துக்கொண்டிருந்தார்.

இது என்ன கொடுமை என்று கேட்டேன். அப்போதுதான் அண்ணி கோவளத்துக் கதையைச் சொன்னார்.

கல்யாணமானதும் கணவர் அவரைக் கோவளத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். புதுமணத் தம்பதி மட்டும் போகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மாமியாரும், பள்ளிக்கூடம் முடித்திருந்த நாத்தனாரும் கூடவே வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே அறை. அண்ணி தாய்வீட்டுப் பக்கத்தில் யாரிடமோ வாங்கிய ஒரு நாவலை எடுத்துப் போயிருந்தார். அட்டை கிழிந்து, பழுப்புத்தாள் ஒட்டி, பெயர்கூட இல்லாத புத்தகம். கதையை எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கடற்கரையில் ஒருத்தி விடுதி நடத்துகிறாள். அவள் தங்கையின் வாழ்க்கையைக் கெடுத்த ஒருவன், அவள் யாரென்று தெரியாமல், வருஷா வருஷம் அதே விடுதிக்கு வந்து அதே அறையில் தங்குகிறான். வருஷா வருஷம் அவனைக் கொன்றுவிட நினைக்கிறாள், தள்ளிப்போகிறது. கடைசியில் ஒரு ராத்திரி பாலில் விஷத்தைக் கலந்து டம்ளரை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாள்.

அந்த இடத்தில் அண்ணி படித்துக்கொண்டிருக்கும்போது நாத்தனார் வந்து, கடலுக்குப் போகலாம் வா என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். இரு, கொஞ்சம்தான் பாக்கி, முடித்துவிட்டு வருகிறேன் என்றிருக்கிறார் அண்ணி. நாத்தனார் புத்தகத்தைப் பிடுங்கி, மிச்சமிருந்த பக்கங்களைக் கொத்தாகக் கிழித்து, ஜன்னல் வழியே காற்றில் விட்டுவிட்டாள்.

"'இப்ப முட்ஞ்சிப்போச்சா? வா அண்ணி போலாம்'ன்னா" என்றார் அண்ணி. "அது கூட வுடு, சின்னப் பொண்ணு. ஊட்டுக்காரரு சிரிச்சாரு. மாமியாரு சிரிச்சாங்க. அப்பால ஒவ்வொரு கல்யாணத்துலயும் அத்தச் சொல்லி சொல்லி சிரிச்சாங்க. நான் புக்குக்காக அழுதேன்னு."

கணவர் இறந்து பல வருஷமாகிவிட்டது, மாமியாரும் இல்லை. சிரித்தவர்களில் மிச்சம் நாத்தனார் மட்டும்தான். அண்ணி நூலகம் வைத்ததே அந்தப் புத்தகத்தைத் தேடித்தான். பழைய நாவல் எது வந்தாலும் முதலில் அவர் புரட்டிப் பார்ப்பார். கிடைக்கவே இல்லை. "அவ ஒரு தபா எங்கிட்ட வந்து தப்புன்னு சொல்லட்டும். டின்னோட தூக்கிக் குட்த்துடறேன்" என்றார்.

கிடைத்தது எனக்குத்தான். பாடி மேம்பாலத்துக்குக் கீழே ஒரு பழைய பேப்பர் கடை. லாரிகள் நெரிசலில் பஸ் நின்றுவிட்டதால் இறங்கி நடந்தேன். கடையில் எடைக்குக் கட்டி வைத்திருந்த கட்டின் மேலே இருந்த புத்தகத்தைச் சும்மா புரட்டினால், கடற்கரை, விடுதி, தங்கை. அண்ணி சொன்ன அதே கதை. வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறி, உட்கார இடம் கிடைத்ததும் படிக்க ஆரம்பித்தேன். பால் டம்ளர் மாடி ஏறியது. நான் நிறுத்தவில்லை. கடைசிப் பக்கம் வரைக்கும் படித்து முடித்தபோது என் நிறுத்தம் தாண்டிப் போயிருந்தது.

அண்ணி அந்தப் புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கினார். முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ பட்ச்சிட்டியா?" என்று கேட்டார். ஆமாம் அண்ணி, பஸ்ஸிலேயே முடித்துவிட்டேன் என்றேன் பெருமையாக. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முடிவை மட்டும் முதலில் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்துக்கொண்டு வந்தார். பால் டம்ளர் பக்கத்துக்கு வந்து சேர்ந்த வாரத்தில்தான் நாத்தனாரின் மகன் கடைக்கு வந்தார். தயங்கித் தயங்கி, அம்மாவைக் கோவளத்துக்குக் கூட்டிப் போகப் போகிறேன், முன்னால் எல்லோரும் போன அதே இடத்தைக் கேட்கிறார், ரூம் போட்டுக் கொடுங்கள் என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, இந்த ஒரு தடவை முழுசாக ஒரு புத்தகம் வேண்டுமாம் என்றார்.

மறுநாள் கூடை இறங்கியது. அண்ணி அந்தப் புத்தகத்தையே எடுத்து வைத்தார். எனக்குப் பதறிவிட்டது. நீங்கள் இன்னும் முடிவைப் படிக்கவில்லையே என்றேன்.

"முடிவ நானே பட்ச்சிட்டா, அவ வந்து சொல்றதுக்கு இன்னா கீது?" என்றார். "அதே ஊர்ல, அதே கடலப் பாத்துகினு குந்திகினு படிக்கட்டும். அன்னிக்கு எத்தக் கிழிச்சோம்னு அவளுக்குத் தெரியணும். தெரிஞ்சிகினு எங்கிட்ட வந்து வாயத் தொறந்து தப்புன்னு சொல்லணும்."

போட்டுக் கொடுத்த அறையும் முதல் தரம். நிழல், வெளியே சாய்வு நாற்காலி, படி ஏற வேண்டியதில்லை, சத்தமே கிடையாது. நன்றாகப் படிக்க வேண்டுமே என்பதற்காக. வஞ்சம் தீர்ப்பதில் அவர் எவ்வளவு தாராளமானவர் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு நாத்தனார்மேல் பாவமாக இருந்தது, அண்ணியைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அவர்கள் போயிருந்த நாட்களில் அண்ணிக்கு வேலையே ஓடவில்லை. கடைக்கு வெளியே வந்து பால்கனியைப் பார்ப்பார், உள்ளே போவார். இத்தனை வருஷம் மேலே பார்க்காதவர். நாத்தனார் அழுதுகொண்டு வருவார் என்று நினைத்தாரா, கையைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது. உட்காருவதற்கு ஒரு புது நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார்.

நாத்தனார் ஊர் திரும்பிய மறுநாள் காலையில் கூடைதான் இறங்கியது. நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், அப்படியே நின்றுவிட்டேன். கூடையில் அந்தப் புத்தகம். அண்ணி அதை எடுத்தார், பின்னாலிருந்து திறந்தார். கடைசிப் பதினாறு பக்கம் இல்லை.

மேலே நாத்தனார் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயிலில் கறுத்திருந்தார், முகம் தெளிவாக இருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவர் குரலை அந்தத் தெரு கேட்டது.

"அண்ணி" என்றார். "கதைய நல்லா முட்ச்சிக்கிறான்."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

அண்ணி கட்டை விரலால் தையலைத் தடவிப் பார்த்தார். "பிளேடு வெச்சி அறுத்துக்கிறா. சுத்தமா" என்றார். கோபம் இருந்தது, அதோடு கொஞ்சம் மெச்சுதலும் இருந்தது. பிறகு உள்ளே போய், அந்த வாரத்துக்கான புத்தகத்தை எடுத்து, பிளேடைத் தேடி, வழக்கம் போலக் கடைசிப் பதினாறு பக்கத்தை எடுத்துவிட்டுக் கூடையில் வைத்தார். கூடை மேலே போனது. இப்போது அண்ணி மேலே ஏறிப் போய் நாத்தனாரிடம் கேட்க வேண்டும். அவர் கேட்கிறவர் இல்லை.

கதை தெரிந்த இன்னொரு ஆள் நான். கேட்டால் அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன். அவர் என்னிடமும் கேட்கவில்லை.

அந்த மாதம் என் அம்மா தென்காசியிலிருந்து வந்திருந்தாள். அப்பா போன பிறகு எங்கேயும் வெளியூர் போகாதவள். மறுபடி வர்க்கலைக்கே ஒரு ரூம் போடச் சொன்னேன். அண்ணி அம்மாவிடம் அன்பாகப் பேசினார், பெரிய எழுத்தில் அச்சடித்த ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்துத் தந்தார். எனக்குச் சந்தேகமே வரவில்லை. போய் அறைக் கதவைத் திறந்தால் அதே ஜன்னல், அதே ஜெனரேட்டர். மாற்று அறை இல்லை என்றார்கள். இருந்த நாள் வரைக்கும் அம்மா கண்ணை மூடவில்லை. என் மனம் கஷ்டப்படக் கூடாது என்று, காற்று நல்லாருக்கு, காற்று நல்லாருக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பி வந்து கேட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அம்மா உங்களுக்கு என்ன செய்தாள் என்று.

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "ஆயுசு பூரா நான் தேடிகினு இருந்தத நீ பஸ்ஸுல குந்திகினு பட்ச்சிட்ட. எனக்கு மின்னாடி. அதுக்கு உங்கம்மா தூக்கம் பெருசா?"

"அந்தக் கதை எப்படி முடியுதுன்னு எனக்குத் தெரியும், அண்ணி" என்றேன். "எங்கம்மாகிட்ட தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சொன்னா சொல்றேன்."

அவர் முகத்தில் என்னென்னவோ வந்து போனது. வாயைத் திறந்தார். பிறகு மேஜையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

நாங்கள் ஆவடிக்கு மாறி வந்து சில வருஷமாகிறது. காட்டுப்பாக்கத்தில் மெட்ரோ வேலையால் கடைக்குப் போக்குவரத்துக் குறைந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். கடையை மூடவில்லை. கூடை இன்னும் இறங்குகிறது, ஏறுகிறது. போன கோடையில் அண்ணி திடீரென்று போன் செய்தார். எங்கே போகப் போகிறீர்கள், எந்த ரூம், கையில் என்ன புத்தகம் என்றெல்லாம் விசாரித்தார். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள், இங்கேதான் பக்கத்தில் இருக்கிறாள், கொடுக்கட்டுமா என்றேன். அவர் மூச்சு விடுவது கேட்டது. அவர் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

எனக்கு அவர்மேல் இன்றைக்கும் பிரியம் உண்டு. ஒரு ஊருக்குக் கிளம்பும்போது, அவர் இருந்தால் எந்தப் புத்தகத்தைப் பையில் வைத்திருப்பார் என்று யோசிக்காமல் இருந்ததில்லை. அவருக்கு வயதாகிறது என்பதும் தெரியும். ஆனால் காற்று நல்லாருக்கு என்று அம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு வார்த்தைதான் கேட்டேன். அதை அவர் சொல்கிற வரைக்கும் அந்த விடுதிக்காரி பால் டம்ளரோடு மாடிப்படியிலேயே நிற்கட்டும்.